கிரிகரியின் இரண்டாவது கிட்டார்

2015ஆம் ஆண்டின் புகைமூட்டக் காலத்தில்தான் மகதலேனா கிரிகரியை முதன்முதலாகச் சந்தித்தாள். கடலுக்கு அப்பாலிருந்து வந்த காட்டுத்தீப் புகை பள்ளிகளைக்கூட மூடவைத்திருந்த ஒரு சனிக்கிழமை. கிள்ளானில் கொம்யூட்டர் என்னும் புறநகர் இரயிலேறி, முகக்கவசத்துக்குள் இருமிக்கொண்டே, பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த தேவாலய மண்டபத்துக்குப் பாடகர் குழுப் பயிற்சிக்காக அவள் வந்து சேர்ந்தாள். குழுவினர் ஒருவரும் வந்திருக்கவில்லை. பயிற்சி இல்லை என்று கைபேசியில் வந்த செய்தியை அவள் ஒருத்திதான் பார்க்கத் தவறியிருந்தாள். மண்டபத்தின் மூலையில், ஐம்பதைத் தாண்டிய ஒருவர் கிட்டாரின் முறுக்காணிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"நாலாவது கம்பி எறங்கியிருக்கு, அண்ணே," என்றாள் மகதலேனா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மாஸ்க் போட்டுக்கிட்டு வந்து நாடி புடிக்கிறீங்களே, டாக்டரா நீங்க?"

"மூக்குக்கண்ணாடிக் கடையில வேல."

"அப்பக் கண்ணுதானே உங்க டிப்பார்ட்மென்ட்! காதுக்கும் சேத்தா பாக்குறீங்க?"

சிரித்துக்கொண்டே முறுக்காணியைத் திருப்பினார். பிறகு கம்பிகளின்மேல் எந்த விரலையும் பதிக்காமல், வலக்கையால் ஆறையும் ஒருசேர மீட்டினார். வெறும் கம்பிகளிலிருந்தே ஒரு முழுமையான இசைவு எழுந்து, மண்டபத்தின் தகரக் கூரைவரை சென்று நிறைந்தது. மகதலேனா முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கிரிகரி பிரிக்ஃபீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் பிறந்தவர். தந்தை சமிக்ஞைப் பிரிவில் வேலை பார்த்தார். மகன் லிஃப்ட் பழுதுபார்ப்பவரானார். பதின்ம வயது முதலே எழுபதுகளின் ஆங்கில ராக் பாடல்கள்மேல் அவருக்குத் தீராத பைத்தியம். ஆனால், சாலாக் செலாத்தான் வட்டாரத்து அடுக்குமாடி ஒன்றில் லிஃப்டின் கதவு அவருடைய இடக்கையை நசுக்கிவிட்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் அதன்பிறகு மடங்கவே இல்லை. கிட்டார் அலமாரியின் உச்சிக்குப் போயிற்று. நெடுங்காலம் கழித்துத்தான் திறந்த சுருதி என்ற ஒன்று இருப்பதை அவர் தெரிந்துகொண்டார். விரல்கள் செய்ய வேண்டிய வேலையை முன்கூட்டியே கம்பிகளிடம் ஒப்படைத்துவிடும் முறை அது. கம்பிகள் தாமாகவே இசைந்து ஒலிக்கும்படி அவற்றை முறுக்கி வைத்துவிட்டால், ஒரே விரலைக் குறுக்கே படுக்கவைத்தே ஒரு பாட்டைக் கடந்துவிடலாம். அந்த ஒற்றை விரலை நம்பி, தம் இளமைக்காலப் பாடல்களை ஒவ்வொன்றாக அவர் மீட்டெடுத்தார்.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. ஒவ்வொரு பாடலும் வேறொரு சுருதியைக் கேட்டது. பாட்டுக்குப் பாட்டு அவர் முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்தால், கேட்பவர்கள் எழுந்து ரொட்டி சானாய் வாங்கப் போய்விடுவார்கள். அதற்காகவே இரண்டாவது கிட்டார் வந்தது. அதனோடு மகதலேனாவும் வந்தாள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பின்தெருவில் இருந்த ஓர் உணவகத்தில், சனிக்கிழமை மாலைகளில் அவர்கள் வாசித்தார்கள். கிரிகரி ஒரு கிட்டாரில் வாசிக்கும்போதே, அவருக்கு இடப்புறம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, மற்றதை அடுத்த பாட்டுக்கு அவள் சுருதி சேர்ப்பாள். அந்த இரைச்சலில் மெல்லிய கம்பியொலி எப்படிக் கேட்கும்? கிட்டாரின் உடலில் தாடையை அழுத்தி வைத்துக்கொள்வாள். ஒலி மரத்திலிருந்து எலும்பில் ஏறிச் செவிக்குள் வந்துவிடும்.

"ஆன்டி தூங்கிட்டாங்க, பாஸ்! ஒரு கோப்பி குடுங்க!" என்று யாராவது கூச்சலிடுவார்கள்.

"தூங்கலலா, கிட்டாருக்கு முத்தம் குடுக்கிறாங்க," என்பார் கிரிகரி ஒலிவாங்கியில். "எனக்குத்தான் அந்தக் குடுப்பினை இல்ல!"

கூட்டம் சிரிக்கும். அவளுக்கு முகம் சிவந்துபோகும். பாட்டு முடிந்ததும் கிரிகரி திரும்பிப் பார்க்காமலேயே இடக்கையை நீட்டுவார். நீட்டிய கையில் கிட்டார் வந்து அமரும்.

"அந்த மனுசனுக்குக் கிட்டார் தூக்க ஒரு ஆளு வேணும். நீ போயி நிக்கிற," என்பாள் அவளோடு கிள்ளானில் ஒரே வீட்டில் வசித்த அக்காள் ஸ்டெஃபனி.

"தூக்குறதில்லக்கா. சுருதி சேக்குறேன்."

"நாளைக்கே வேற ஆளு கெடைச்சா?"

மகதலேனாவுக்குக் கிரிகரியின் கைதான் நினைவுக்கு வரும். திரும்பிப் பார்க்காமல் நீளும் அந்தக் கை, அவள் அங்கே இருப்பதைச் சந்தேகிக்காத ஒரு கை. அவள் திருமணம் செய்துகொள்ளவில்லை. எவரிடமும் எதையும் எதிர்பார்த்துப் பழகியவளும் அல்லள். ஆயினும், அந்தக் கை நீளும் இடத்தில் தான் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அவள் உறுதியாக இருந்தாள். ஸ்டெஃபனியிடம் அதை எப்படி விளக்குவது?

சென்ற ஆண்டின் இறுதியில், சுபாங் ஜெயாவில் நைஜல் என்ற இளைஞன் ஒரு பெரிய உணவகத்தைத் திறந்தான். கிரிகரியின் வாசிப்பை எங்கோ கேட்டவன், சனிக்கிழமைதோறும் தன் மேடையில் வாசிக்க அழைத்தான். படமெடுத்து இணையத்திலும் போடுவதாகச் சொன்னான். மகதலேனா புதுச் சட்டை தைத்துக்கொண்டாள். அந்த வாரம் மட்டும் பயிற்சி வேண்டாம் என்றார் கிரிகரி. உடம்பு சரியில்லையாம். அவள் நம்பினாள்.

அன்று மேடையில் முதல் பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டுக்கான கிட்டாரோடு மகதலேனா காத்திருந்தாள். கை நீளவில்லை. கிரிகரி தம்மிடமிருந்த கிட்டாரின் தலைப்பக்கத்தில் புதிதாகப் பொருத்தியிருந்த ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். உடனே முறுக்காணிகள் ஆறும் சின்ன மோட்டார்களின் உறுமலோடு தாமே சுழன்று நின்றன. கூட்டம் ஆர்ப்பரித்துக் கைதட்டியது. மகதலேனா கிட்டாரை நீட்டியபடியே நின்றாள். நீட்டிய கைகளை மடக்கிக்கொள்ளவும் தோன்றவில்லை.

"மிஷின் எல்லாத்தையும் பாத்துக்கும், அங்கிள்!" என்றான் ஒலிவாங்கியோடு வந்த நைஜல். "அப்ப இந்த ஆன்டிக்கு என்னா வேல?"

கிரிகரி சிரித்தார். பின்தெருவில் சிரித்த அதே சிரிப்பு.

"அவங்களா? கிட்டாரப் புடிச்சிக்கிட்டு நிப்பாங்க. அவ்வளவுதான்லா."

அதற்கும் கைதட்டினார்கள்.

இரண்டாவது பாட்டை முழுவதும் கேட்காமல் போக அவளுக்கு மனம் வரவில்லை. கேட்கக் கேட்க ஒன்று புலப்பட்டது. எல்லா வேலையையும் ஒற்றை விரலே செய்வதால், கிரிகரி கம்பிகளை அளவுக்கு மீறி அழுத்துவார். அந்த அழுத்தத்தில் மூன்றாவது கம்பியின் சுருதி இம்மியளவு ஏறிவிடும். அதைக் கண்டுகொண்ட நாள் முதல், அந்தக் கம்பியை மட்டும் அவள் சற்றே இறக்கி வைத்துவந்தாள். அவரிடம் சொன்னதில்லை. விரல் படும் சிரமத்தை அவருக்கு நினைவூட்டுவானேன் என்று விட்டுவிட்டாள். இயந்திரமோ சரியான சுருதியில் வைத்திருந்தது. பாட்டில் அபசுரம் தட்டியது. கூட்டத்துக்கு அது தெரியவில்லை, கிரிகரிக்குத் தெரிந்தது. அவருடைய நெற்றி சுருங்கியது. பாட்டு முடிந்ததும் இடப்புறமாகத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் மகதலேனா இரண்டாவது கிட்டாரை நாற்காலியில் சாய்த்துவிட்டு, மேடையை விட்டு இறங்கியிருந்தாள்.

தைப்பூசம் முடிந்த வாரத்தில், கிள்ளானில் அவள் வேலை செய்த கண்ணாடிக் கடைக்கு கிரிகரி வந்தார். இருவரும் பக்கத்திலிருந்த தேநீர்க்கடையில் அமர்ந்தார்கள். அவர் வந்ததே போதும் என்றிருந்தது அவளுக்கு. மேடையில் சொன்ன அந்த ஒரு வார்த்தையைக்கூட மன்னித்துவிடலாம் என்று எண்ணினாள்.

"மூணாவது கம்பி ஒத்து வரல, லேனா. மிஷின் சரின்னுதான் சொல்லுது. நீ சேத்தப்ப இப்படி இருந்ததே இல்ல."

"நீங்க ரொம்ப அழுத்திப் புடிக்கிறீங்க, அண்ணே. அதனால நான் அதக் கொஞ்சம் எறக்கி வெப்பேன்."

"இத்தன வருசமாவா?"

"ஆமா."

கிரிகரி தம் இடக்கையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டார். "எங்கிட்டச் சொல்லவே இல்லயே."

"சொன்னா ஒங்களுக்குச் சங்கடமா இருக்கும்." பிறகு கேட்டாள்: "இந்தச் சனிக்கிழம எத்தன மணிக்கு வரணும்?"

அவர் தேநீரைக் கலக்கினார். அதில் கலக்குவதற்கு ஒன்றும் இல்லை.

"அது வேணாம், லேனா. பக்கத்துல ஒரு ஆளு நின்னா, நான் நோயாளி மாதிரி தெரியுறேன்னு நைஜல் சொல்றான்."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"எனக்கும் அப்படித்தான் தோணுதுன்னு சொன்னேன்."

தேநீர்க்கடைக்காரர் வந்து மேசையைத் துடைத்துவிட்டுப் போனார். கிரிகரி பையிலிருந்து கைபேசியை எடுத்து, அதில் ஒலிப்பதிவுப் பக்கத்தைத் திறந்து, அவள் பக்கமாக மெல்ல நகர்த்தினார். அதற்குப் பிறகு அவர் அவளைத் தேடி வந்ததில்லை. அவளிடம் அவர் கடைசியாகக் கேட்டது இதைத்தான்:

"கிட்டாரு கார்ல இருக்கு. அந்த மூணாவது கம்பிய மட்டும் சேத்து, ஒரு தரம் மீட்டி, இதுல பதிஞ்சி குடுத்திடேன். அந்தச் சுருதிய அப்படியே மிஷின்ல ஏத்திக்கலாம்."