வளரும் தலைக்கு ஒரு ஹெல்மெட்

மழையில் ஊறிய பஞ்சின் வாடை. நேற்று மாலை எங்கள் அடுக்குமாடியின் மின்தூக்கியில் முதலில் அதுதான் ஏறியது. பிறகுதான் அந்த வாடைக்குச் சொந்தக்காரப் பையன் ஏறினான், கையில் யாருடைய சாப்பாடோ. ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருந்தான். நெஞ்சில் காற்று அடிக்கக்கூடாது என்று நம் மலேசிய மோட்டார் சைக்கிள்காரர்கள் கண்டுபிடித்த வழி அது. எத்தனையாவது மாடி என்று கேட்க வேண்டும், ஆனால் எந்தப் பக்கத்தைப் பார்த்துக் கேட்பது என்று எனக்கு ஒரு கணம் குழப்பம். அவன் இடுப்போடு அணைத்திருந்த ஹெல்மெட்டின் வயிற்றிலிருந்து வந்தது வாடை. வேர்வை, தலைக்கு வைத்த எண்ணெய், முந்தாநாள் மழை. ஏழாம் மாடியில் இறங்க வேண்டியவள் பன்னிரண்டு வரை போய்வந்தேன். போகிற வழியில் பத்தாங் பெர்ஜுந்தையையும் ஒரு சுற்று சுற்றிவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு இருபது வயது. பத்தாங் பெர்ஜுந்தைக்கு உள்ளே, எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு நடுவே, எங்கள் தோட்டம். ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது; எறும்புக்குக் கால் ஒட்டுவது போன்ற வேலை, பூதக்கண்ணாடிக்குக் கீழே கம்பிகளை ஒட்டுவது. மூன்று மாதம் தற்காலிகம். அதற்குள் மூன்று முறை தாமதமாக வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எங்கள் பஸ்ஸுக்கு அது தெரியாது. அது தன் இஷ்டத்துக்கு வந்து, தன் இஷ்டத்துக்கு நின்று, பத்து நாளைக்குள் என்னை இரண்டு முறை தாமதமாக்கிவிட்டது. மீதி ஒன்றுதான்.

வீட்டில் ஒரு மோட்டார் இருந்தது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன அண்ணன் விட்டுப்போன கப்சாய், சின்ன மோட்டார் சைக்கிள். போகுமுன் எனக்கு ஓட்டவும் கற்றுக்கொடுத்து லைசென்சும் எடுக்க வைத்திருந்தான். இல்லாதது அப்பாவின் சம்மதம் மட்டும். அப்பா தோட்டத்தில் மண்டோர். பழக்குலை வெட்டுபவர்களை ஆண்டுக்கணக்கில் மேய்த்தவர். எதையும் சட்டமாகத்தான் சொல்வார், சொன்னதை மாற்றவும் மாட்டார். மூன்று நாள் நான் சாப்பிடாமல் இருந்த பிறகு (தோழி மல்லிகா வீட்டில் சாப்பிட்டேன், அது வேறு) சட்டம் வெளியானது.

"ஓட்டு. ஆனா ஒடம்புல ஒரு கீறல் பாத்தேன்னா, அன்னிக்கே மோட்டர வித்துடுவேன்."

கீறலைத் தடுப்பது தன் பொறுப்பு என்று அவரே எடுத்துக்கொண்டார். அதுதான் வினை.

முதலில் ஹெல்மெட். கோல சிலாங்கூரில், நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு நானாவின் கடை. குடை, கொசுவலை, அரிக்கன் விளக்குகளுக்கு இடையே ஹெல்மெட்டுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும், காய்த்த மாதிரி. அப்பா முகம் முழுக்க மூடுவதில்தான் கை வைத்தார். ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து, விரலால் தட்டி, கண்ணை மூடிக் கேட்டார். நானா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "மண்டோரே, அது டுரியான் இல்ல. உள்ள பழம் இருக்காது" என்றார். அப்பா சிரிக்கவில்லை. எட்டாவதாகத் தட்டியது பிடித்தது. என் தலையில் அது குடத்துக்குள் எலுமிச்சம்பழம்போல் உருண்டது. சின்ன அளவு இருக்கிறதே என்று நானா எடுத்து வைத்தார். அப்பா வேண்டாம் என்றார். பள்ளிச் சப்பாத்து, பள்ளிச் சட்டை, தீபாவளிப் பாவாடை எல்லாவற்றையும் ஓர் அளவு பெரிதாக வாங்கியே என்னை வளர்த்தவர் அவர்.

"வளர்ற புள்ள நானா. பெருசாவே குடுங்க."

இருபது வயதுத் தலை இனி எங்கே வளரும் என்று நானாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சம்மதம் பறிபோய்விடுமோ என்று எனக்குப் பயம். நானாவுக்கு என்ன பயமோ தெரியவில்லை.

அடுத்தது உடம்பு. பச்சை நிறக் கனத்த ஜாக்கெட், முன்பின்னாக. மற்றவர்கள் கையை மட்டும் நுழைத்துக்கொண்டு போவார்கள். அப்பா ஜிப்பை முதுகில் கழுத்துவரை இழுத்துப் பூட்டச் சொன்னார். பூட்டுவதற்கும் திறப்பதற்கும் இன்னொரு ஆள் வேண்டும். கைக்கு, பூச்சிமருந்து அடிப்பவர்களின் ரப்பர் கையுறை. காலுக்கு முழங்கால்வரை பூட்ஸ், அதற்குள் அண்ணனின் பந்து விளையாட்டுக் கால் காப்பு அட்டை. முழங்காலுக்கு என்ன செய்வது என்று அப்பா இரண்டு நாள் யோசித்து, தேங்காய்ச் சிரட்டையைக் கொண்டுவந்தார். கட்டிக்கொண்டு நடந்தேன். எங்கள் வரிசைவீட்டு லயத்து நாய்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டன. அம்மா வாசலில் நின்று, கல்யாணத்துக்குக்கூட இவள் இவ்வளவு உடுத்தமாட்டாள் என்றாள். சிரட்டை போய்ப் பழைய மெத்தைப் பஞ்சு வந்தது.

பக்கத்து வீட்டு மல்லிகாவுக்கும் அதே தொழிற்சாலை. அவள்தான் என் ஜிப்பு, என் பின்சீட்டு. முக்கியமாக, என் கழுத்து. ஏனென்றால் அந்த ஹெல்மெட்டுக்குள் நான் இடப்பக்கம் திரும்பினால் என் தலைதான் திரும்பும்; ஹெல்மெட் நேராகவே பார்த்துக்கொண்டிருக்கும். எனக்குத் தெரிவதெல்லாம் பஞ்சு. சந்தி வரும்போது மல்லிகா பின்னாலிருந்து இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்து, எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பிவிடுவாள், மாவரைக்கிற கல்லைத் திருப்புவதுபோல. பார்த்தாயிற்று என்றால் நான் ஹார்ன் அடிப்பேன், அவள் நேராக்குவாள். பத்து ஆராங் வழியாக ராவாங் வரைக்கும் இப்படியே. சாலையில் போனவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ. தொழிற்சாலை வாசலில் இருந்த மலாய்க்காரக் காவலாளி என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியும். கொசுமருந்து அடிக்க வந்த ஆள் என்று நினைத்து முதல் நாள் பின்கேட்டைத் திறந்துவிட்டார்.

ஆனால் ஒரு நாள்கூடத் தாமதமாகவில்லை. அதைச் சொல்ல வேண்டும். செம்பனைகளுக்கு மேல் மூடுபனி கலையும் நேரம், மண்சாலை முடிந்து தார் தொடங்கும் இடத்தில் சக்கரம் சட்டென்று அமைதியாகும். அந்த அமைதிக்குள் என் மூச்சும் பின்னால் மல்லிகாவின் பாட்டும் மட்டும் கேட்கும். உலகத்தில் எனக்கென்று ஒரு பெரிய அறை கிடைத்த மாதிரி இருக்கும். அதற்குக் கொஞ்சம் எண்ணெய் வாடை இருந்தால் என்ன.

மாலையில் வீடு திரும்பியதும் பரிசோதனை. அப்பா என் கையைத் திருப்பி, முழங்கையை மடக்கி, முகவாயைத் தூக்கிப் பார்ப்பார். பழக்குலை பழுத்ததா என்று பார்க்கிற அதே பார்வை.

மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது விழுந்தோம். வீடு திரும்பும் வழியில், ஒரு சந்தியில் மல்லிகாவுக்குத் தும்மல் வந்துவிட்டது. திருப்பிய ஹெல்மெட்டை அவள் நேராக்கவில்லை. நான் பஞ்சைப் பார்த்துக்கொண்டே நேராகச் சாலையோரக் கால்வாயில், எங்கள் பேச்சில் லோங்காங்கில், இறங்கினேன். மோட்டார் சேற்றில் படுத்துக்கொண்டது. மல்லிகா பறந்துபோய் யாரோ நட்டிருந்த மரவள்ளிக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள், மடியில் சாப்பாட்டு டப்பா நிமிர்ந்தபடி. எழுந்து பார்த்தோம். ஒரு கீறல் இல்லை. அவளுக்கும் இல்லை. வழியில் ஒரு குழாயடியில் எல்லாவற்றையும் கழுவினோம். யாரிடமும் சொல்வதில்லை என்று அவள் என் ரப்பர் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

வாசலில் அப்பா காத்திருந்தார். பதற்றத்தில் நான் வாரைச் சரியாக அவிழ்க்காமல் ஹெல்மெட்டை இழுத்தேன். வாரின் இரும்புக் கொக்கி கன்னத்தில் சர்ரென்று ஒரு கோடு போட்டது. ரத்தம்.

"என்னா பாப்பா இது?"

"ஹெல்மெட்டு கீறிடுச்சிப்பா."

உண்மை. அப்பட்டமான உண்மை. ஆனால் விழுந்ததை மறைத்த முகத்தோடு சொன்னதால் எனக்கே அது பொய்யாகக் கேட்டது. காப்பாற்ற வாங்கியதே எப்படிக் கீறும் என்று அப்பா கேட்டார். சனிக்கிழமை மோட்டார் கடைக்காரரை வரச் சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். இரவெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸை நினைத்தேன்.

மறுநாள் வேலை விட்டு வந்ததும் மல்லிகா நேராக அப்பாவிடம் போனாள். கொக்கிதான் கீறியது, வேண்டுமானால் நீங்களே போட்டுப் பாருங்கள் மாமா என்றாள். அப்பா நியாயஸ்தர். போட்டார். லயமே கூடிவிட்டது. கழற்றினார், ஒன்றுமில்லை. மறுபடி போட்டுக் கழற்றினார், ஒன்றுமில்லை. பார்த்தாயா என்பதுபோல் என்னைப் பார்த்து, மூன்றாம் முறை கோபத்தோடு இழுத்தார். கொக்கி அவர் மூக்கிலிருந்து நெற்றிவரை ஒரு கோடு போட்டது, நாமம்போல. யாரும் சிரிக்கவில்லை. பிறகு அம்மா சிரித்தாள். அதன்பின் யாராலும் நிறுத்த முடியவில்லை.

பிழைத்துவிட்டோம். அந்தச் சந்தோஷம் தாங்காமல் மல்லிகா அழுதுகொண்டே சொல்லிவிட்டாள்.

"ஆனா மாமா, நேத்து நாங்க லோங்காங்ல விழுந்துட்டோம் லா."

சிரிப்பு நின்றது. அப்பா மூக்கைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"விழுந்ததுல கீறல் பட்டுச்சா?"

"இல்ல மாமா."

"நான் கீறலுக்குத்தான் சட்டம் சொன்னேன். விழறதுக்குச் சொல்லல."

அவ்வளவுதான். அந்த வாரமே கோல சிலாங்கூருக்குப் போய், அந்த ஹெல்மெட்டைக் கொடுத்துச் சின்ன அளவு வாங்கி வந்தார். மூன்று மாதம் முடிந்ததும் எனக்கு நிரந்தர வேலை.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. லயம் நின்ற இடத்தில், பூக்களின் பெயர் வைத்த தெருக்களோடு வீடமைப்பு. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரே பலகையில் இல்லை. ஊர் வேறு பெயருக்கு மாறிவிட்டது. நானாவின் கடையில் கைப்பேசி விற்கிறார்கள். மல்லிகா உலு யாமில் இருக்கிறாள், தும்மலை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்வதில்லை. அப்பாவும் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. என்னைத் தட்டிப் பார்க்கவோ திருப்பிப் பார்க்கவோ ஆளில்லை. மாலையில் வீட்டுக்கு வந்தால் முகவாயை நானே கண்ணாடியில் தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன், பழக்கம்.

அந்த எண்பதுகளின் கடைசியில் ஷா ஆலாமில் வேறு வேலை, தங்குவதற்கு ஹாஸ்டல். பை ஒன்றைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். மல்லிகா கல்யாணமாகிப் போயிருந்ததால் அன்று அப்பாதான் முதுகில் ஜிப்பை இழுத்துவிட்டார். அவருக்கு அது பழக்கமில்லை. பாதியில் சிக்கியது, எடுத்தார், மறுபடி இழுத்தார். பிறகு முன்னால் வந்து நின்றார். நான் சாவியைத் திருப்பினேன். சத்தத்துக்கு மேலே அவர் ஏதோ சொல்வது தெரிந்து, இன்ஜினை அணைத்தேன்.

"கீறலோட வந்தாலும் பரவால்ல பாப்பா. வந்துட்டுப் போ."