இருமக் கூடாத அரைமணி நேரம்

பம்பாயிலிருந்து மன அமைதி வந்து இறங்கியபோது அன்னக்கொடி ஸ்பின்னிங் மில்லில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். 1984ஆம் வருடம். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். லாரி ஓட்டப் போன கணவன் வேறு ஊரில் வேறு குடும்பம் நடத்தினான். இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் அவள் வேலைதான் சோறு. இத்தனை வருடம் பஞ்சைச் சுவாசித்ததில் அவளுக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு இருமல்.

அமைதியைக் கொண்டுவந்தவர் பெயர் மேத்தா. தொழிலாளியின் மனம் தெளிந்தால் நூல் அறாது என்று முதலாளியை நம்ப வைத்திருந்தார். தூசி உறிஞ்சும் விசிறி பழுதாகி நின்று வெகுநாள் ஆகியிருந்தது. அதற்கு மனம் இல்லாததால் மேத்தா அதைக் கவனிக்கவில்லை. ஷிப்டு முடிந்ததும் எல்லோரும் பஞ்சு மூட்டை அடுக்கிய கிட்டங்கியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, அரைமணி நேரம் ஆழமாக மூச்சிழுக்க வேண்டும். இழுத்தார்கள். காற்றைவிடப் பஞ்சு தாராளமாக உள்ளே போனது.

வகுப்பில் இருமியவர்களை மறுநாள் ஆரோக்கிய அறைக்கு அழைத்தார்கள். முதலில் மலைச்சாமி போனார். மேத்தா அவர் கையைப் பிடித்து, நீங்கள் ஓய்வெடுக்க வேண்டும் என்று உருக்கமாகச் சொன்னாராம். மறுநாள் காவலாளி அவரை மில் கேட்டுக்குள் விடவில்லை. அடுத்து ராமக்காளுக்கும் அதே உருக்கம். ஆளைத் துரத்த இவ்வளவு கனிவான வழியை நான் சுற்றிவந்த ஊர்களில் எங்கும் கண்டதில்லை.

அன்னக்கொடிக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு போனாள். மேத்தா பக்கத்தில் வந்தால் மூச்சையே நிறுத்திவிடுவாள். மூச்சுப் பயிற்சியில் மூச்சு விடாத ஒரே ஆளை மேத்தா எல்லோருக்கும் உதாரணமாகக் காட்டினார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் புதிதாக வெண்கல மணி கொண்டுவந்தார். சாம்பிராணியும் போட்டார். மனம் ஒடுங்குமாம். மேனேஜர் பேச்சிமுத்து நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். மணி அடித்தது. புகை அன்னக்கொடியின் தொண்டையில் ஏறியது. கிராம்பைக் கடித்தாள். கண்ணில் நீர் வந்தது, உடம்பு குலுங்கியது. மேத்தா அவள் முன்னால் வந்து நின்றார்.

இருமிவிட்டாள். இருமியபடியே எழுந்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை, மணி, சாம்பிராணி, மூச்சிரைப்பு எல்லாம் சேர்ந்தால் உசிலம்பட்டிப் பக்கம் என்ன நடக்கும் என்று மேத்தா படித்த இடத்தில் சொல்லித்தரவில்லை. பக்கத்திலிருந்த செல்லத்தாய் குலவையிட்டாள். மேத்தா தூணுக்குப் பின்னால் போனார். பேச்சிமுத்து எழுந்து செருப்பைக் கழற்றினார். அவர் பெயரே பேச்சியம்மன் போட்டது.

"யாருன்னு தெரியுதாடா பேச்சிமுத்து?"

"தெரியுது தாயி."

"எம்புள்ளைக இருமுனா வெளிய தள்ளுவியா?"

"தள்ள மாட்டேன் தாயி."

"போனவுகளக் கூப்புடு. அந்த விசிறியச் சுத்த விடு."

திங்கட்கிழமை மலைச்சாமியும் ராமக்காளும் வேலைக்கு வந்தார்கள். மேத்தா பம்பாய்க்குத் திரும்பினார். தொழிலாளரின் ஆன்மிக முன்னேற்றம் எதிர்பார்த்ததற்கும் மேல் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனதாகக் கேள்வி. விசிறி மட்டும் சுற்றவில்லை. உதிரி பாகம் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டுமாம். அது அம்மனின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது.

நிஜமாகவே சாமிதான் வந்ததா என்று ஒருநாள் அவளிடம் கேட்டேன்.

"எனக்கு இருமல் வந்துச்சு. அம்புட்டுத்தேன் தெரியும்," என்றாள். "மிச்சத்த மேனேசரப் போயிக் கேளு, பாப்பா."

அதன்பிறகு அவள் ஷிப்டில் தாராளமாக இருமினாள். பேச்சிமுத்து தாண்டிப் போகும்போது இன்னும் கொஞ்சம் சத்தமாக. அவர் கை தானாகச் செருப்பை நோக்கி நீளும்.