காற்றுக்கான பக்கம்

தன் வீட்டுப் பின்வளவில் எங்களுக்கென்று இரண்டு அறைகள் கட்டப்போவதாக மகள் சொன்னபோது நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. "பார்ப்பம்" என்றேன். ஒஸ்லோ நகரசபையின் கட்டட அனுமதிப் பிரிவில் இருபத்தாறு வருடம் குந்தியிருந்தவனுக்கு அந்தச் சொல்லின் பெறுமதி தெரியும். கோப்பு உயிரோடு இருக்கும், ஆனால் மேசையை விட்டு நகராது.

மகள் இருப்பது அரிசோனாவில், பாலைவனத்துக்குள் வருடா வருடம் ஒரு தெரு நீளும் புறநகரொன்றில். மருமகன் கோயம்புத்தூர்க்காரர். இருவரும் நோர்வேயின் துரொண்ட்ஹைம் நகரில் படிக்கும்போது சந்தித்தவர்கள். அவருடைய வேலை இருவரையும் அங்கே கொண்டுபோனது. என் மனைவியைப் பொறுத்தவரை அந்த அறைகள் ஏற்கெனவே கட்டி முடிந்து திரைச்சீலையும் போட்டாகிவிட்டது. பேரப்பிள்ளைகள் இருவர் அங்கே. ஒஸ்லோவில் நாங்கள் இருக்கும் குரோருட்டின் குளிர்காலமோ அவளுடைய முழங்கால்களுக்குள் புகுந்து ஆறேழு வருடமாகிறது.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. ஏழாம் மாடியில் பல்கனி, கீழே ரயில் நிலையம், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பாளர் கூட்டுறவின் நிர்வாகக் குழுவில் எவரும் போட்டிக்கு வராத செயலாளர் பதவி. பல்கனியில் கரியடுப்பு மூட்டக்கூடாது என்ற விதியின் உபபிரிவுகள் வரை எனக்கு மனப்பாடம். அதனால் சில அயலவர்கள் என்னோடு லிஃப்டில் ஏறாமல் படியால் இறங்குகிறார்கள். அவர்களுக்கும் உடற்பயிற்சிதானே.

பாலைவனம் எனக்குப் புதிதல்ல. நோர்வேக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் வளைகுடா நாடொன்றில் ஊழியர் குடியிருப்பு வீடுகளுக்குக் கொங்கிறீற் போடும் வேலையை மேற்பார்வை செய்தவன். அங்கே கொங்கிறீற்றுக்குப் பகை வெயில் என்று எல்லோரும் நினைப்பார்கள். வெயிலைச் சமாளிக்கலாம். கலவைக்குள் ஐஸ் போடலாம், விடியவே தொடங்கலாம். காற்றுத்தான் பொல்லாதது. உள்ளிருந்து நீர் மேலே கசிவதைவிட வேகமாகக் காற்று அதை உறிஞ்சிக்கொண்டு போனால், கீழே களியாக இருக்கும்போதே மேல்தோல் இறுகிச் சுருங்கும். பிறகு வெடிக்கும்.

அங்கே எங்களிடம் ஒரு படிவம் இருந்தது. கொங்கிறீற்றின் சூடு, வெளிச் சூடு, லொறி வந்த நேரம், எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. காற்றுக்குக் கட்டம் இல்லை. ஒருநாள் மட்டக்களப்பைச் சேர்ந்த மூத்த மேசன் ஒருவர், பலகையின் மேல் மணல் ஊர்ந்து போவதைக் காட்டி, இன்றைக்கு விட்டுவிடலாம் என்றார். என்னுடைய கட்டங்கள் எல்லாம் எல்லைக்குள் இருந்தன. கையெழுத்து வைத்தேன். மத்தியானத்துக்குள் தரை முழுவதும் கையளவு நீளக் கோடுகள், யாரோ சீப்பால் வாரிவிட்டதுபோல். வேலையாட்கள் ஈரச் சாக்கு விரிக்கத் தாமதித்ததே காரணம் என்று அறிக்கை எழுதினேன். அந்த மேசனை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். எனக்கு அடுத்த வருடம் பதவி உயர்வு கிடைத்தது. அறிக்கை நன்றாக எழுதப்பட்டிருந்தது.

ஒஸ்லோவில் வேறொரு ஒழுங்கு கற்றேன். ஒரு விடயத்தில் தன் சொந்த நலன் கலந்திருந்தால், கேட்பதற்கு முன்னரே எழுந்து, நான் இதில் 'இன்ஹாபில்' என்று சொல்லி விலகவேண்டும். விண்ணப்பதாரியோடு ஒரே பாடகர் குழுவில் பாடியதற்காக விலகிய சக ஊழியரை எனக்குத் தெரியும். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு அந்த வளைகுடா அறிக்கை நினைவுக்கு வந்தது, சிரிக்கவில்லை.

மகளின் அத்திவாரம் தோண்டி, கம்பி கட்டியானதும், கொங்கிறீற் போடும் நாளுக்கென்று ஒரு செயல்முறை எழுதித் தரும்படி கேட்டாள். ஒன்பது பக்கம் எழுதி அனுப்பினேன். மருமகன் அதை ஸ்பானிய மொழிக்கு மாற்றி அங்கே கட்டட வேலையை நடத்தும் மேற்பார்வையாளரிடம் கொடுத்தார். அவர் மெக்சிக்கோவிலிருந்து வந்தவர், முப்பது வருடமாக இதே வேலை. படித்துவிட்டு, உங்கள் மாமனார் வழக்கறிஞரா என்று கேட்டாராம். ஏழாம் பக்கத்தில் காற்றுக்கு ஒரு வரைபடம் வைத்திருந்தேன். வெளிச் சூடு, ஈரப்பதன், கொங்கிறீற்றின் சூடு, காற்றின் வேகம் நான்கையும் வைத்துப் பார்த்தால், ஆவியாகும் அளவு ஒரு கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று தெரியும். கோட்டுக்கு மேலே என்றால் ஊற்றக்கூடாது. மருமகன் கையடக்கக் காற்றுமானி ஒன்றும் வாங்கினார். கெட்டிக்காரப் பிள்ளை.

குறித்த நாள் ஜூன் மாதத்தில் வந்தது. அவர்களுக்கு விடிகாலை, எங்களுக்குப் பிற்பகல். நான் பல்கனியில் தொலைபேசியைப் பூச்சட்டியில் சாய்த்துவைத்துக்கொண்டு இருந்தேன். மனைவி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். லொறி ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்தது. அதற்குள் அங்கே சூரியன் ஏறி, காற்றும் கிளம்பிவிட்டது. திரையில் மகளின் தலைமயிர் முகத்தை மறைத்தது. பின்னால் லொறியின் உருளை சுற்றிக்கொண்டிருந்தது.

மருமகன் காற்றுமானியைக் கமராவுக்கு நேரே பிடித்தார். "மாமா, மணிக்கு இருபத்தி நாலு கிலோமீட்டர் காட்டுது. உங்க சார்ட்ல போட்டுப் பாத்தேன், லிமிட்டுக்கு டபுளா வருது. ஏழாம் பக்கம்படி நிறுத்தணும். நிறுத்திடலாமா?"

மேற்பார்வையாளர் இதைவிட மோசமான காற்றிலும் ஊற்றியிருக்கிறாராம். ஆனால் இவ்வளவு எழுதின மனிதர் இருக்கும்போது தான் முடிவு எடுக்கமாட்டேன் என்றாராம். லொறி கலவை ஆலையிலிருந்து புறப்பட்டு அரை மணித்தியாலம் ஆகிவிட்டது. ஒன்றரை மணித்தியாலத்துக்குள் ஊற்றி முடிக்கவேண்டும் என்று எழுதியதும் நான்தான். இன்று திருப்பி அனுப்பினால் அடுத்த முறை ஒக்டோபரில்தான் என்றும் மருமகன் சொன்னார், மேற்பார்வையாளரின் ஆட்கள் வேறு வேலைக்குப் போகிறார்கள். ஒக்டோபர் என்றால் அறைகள் இந்தக் குளிர்காலத்துக்கு இல்லை. மனைவியின் கை கீரையில் நின்றது.

எனக்கு ஒரு சொல் போதும். நிறுத்துங்கோ. எழுதியபடி நடக்கச் சொன்னேன் என்று எந்த விசாரணையிலும் சொல்லலாம். ஆனால் அந்த வரைபடத்தை மனதில் ஓட்டியபோது, அதற்கு அடுத்ததாக வரவேண்டிய பக்கம் என் ஒன்பது பக்கத்தில் இல்லை என்பது தெரிந்தது. காற்று வரும் பக்கத்தை மறைத்துத் தட்டி கட்டினால் வேகம் மூன்றிலொன்றாகும். மெல்லிய நீர்ப்புகை அடித்தால், முடித்த இடத்தை உடனே பொலித்தீனால் மூடினால், கோட்டுக்குக் கீழே கொண்டுவரலாம். வளைகுடாவில் பிந்திய வருடங்களில் அப்படித்தான் செய்தோம். கரியடுப்பின் உபபிரிவைக்கூட மறக்காத நான் அந்தப் பக்கத்தை எழுதவில்லை. மறதி என்று சொல்லலாம். எழுதிய நாளிலும் அப்படித்தான் எனக்குச் சொல்லியிருப்பேன்.

மகள் தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பினாள். "அப்பா, கேக்குதோ? ஊத்திறதோ, திருப்பி அனுப்பிறதோ? நீங்கள்தான் சொல்லவேணும்."

"என்னட்டைக் கேக்காதை பிள்ளை" என்றேன். "நான் இதிலை இன்ஹாபில்."

"என்ன?"

"எனக்கு அங்கை வந்து இருக்க விருப்பமில்லை. தொடக்கத்திலையிருந்தே இல்லை. நான் நிப்பாட்டச் சொன்னால் அது காத்துக்காகவோ எனக்காகவோ எண்டு எனக்கே தெரியேல்லை."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. கீழே ரயிலொன்று நிலையத்துக்கு வந்து, கதவு திறந்து, மூடி, போனது.

மகள் மயிரை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்தாள். குரலில் கோபம் இல்லை, அவசரம்தான் இருந்தது. "அது எனக்குத் தெரியும் அப்பா. நான் கேட்டது காத்தைப் பற்றி."

இருபத்தாறு வருடத்தில் ஒரு மேலதிகாரியும் எனக்கு இப்படி வழிவிட்டதில்லை. விலகுகிறேன் என்றவனை, விலகியது போதும், தெரிந்ததைச் சொல் என்றாள். சொன்னேன். கூரைக்கென்று வாங்கி அடுக்கியிருந்த பலகைத் தகடுகளைத் தென்மேற்குப் பக்கமாக ஆள் உயரத்துக்கு மேலே நிமிர்த்திக் கட்டச் சொன்னேன். தோட்டக் குழாயின் முனையை மாற்றி, புகைபோல மட்டும் வரட்டும், தரைமேல் தண்ணீராகத் தேங்கக்கூடாது என்றேன். நாலு முழ அகலத்துக்கு ஊற்றி முடிக்க முடிக்க மூடச் சொன்னேன். மருமகன் ஸ்பானிய மொழியில் ஒப்பித்தார். மேற்பார்வையாளர் முதன்முறையாகக் கமராவுக்குள் எட்டிப் பார்த்தார். இதை ஏன் முதலே எழுதவில்லை என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. மருமகன் நாகரிகமாக என் சார்பில் ஏதோ பதில் சொன்னார்.

பதினைந்து நிமிடத்தில் தட்டி எழும்பியது. அதன் மறைவில் காற்றுமானி எட்டுக்கு இறங்கியது. ஊற்றினார்கள். கடைசி அகலத்தை மூடி, பொலித்தீன் ஓரங்களில் கல் வைக்கும்வரை நான் பல்கனியிலேயே இருந்தேன். மேற்கு மூலையில் ஒரு வேலையாள் பழக்கதோஷத்தில் தூரிகையால் தண்ணீர் தெளித்து மட்டம் தட்டப் போனபோது, நான் கத்தியதில் ஆறாம் மாடிக்காரி தன் பல்கனியிலிருந்து மேலே பார்த்தாள். சத்தம் பற்றிய விதியின் பிரிவு இலக்கமும் எனக்குத் தெரியும்.

இடையில் ஒரு தடவை மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், சீனி போட்டிருந்தாள். எனக்குச் சீனி ஆகாது என்பது அவளுக்குத் தெரியும். கோபத்தில் கை தவறியதா, வேண்டுமென்று போட்டதா என்று கேட்காமல் குடித்தேன்.

அழைப்பை முடித்துவிட்டு உள்ளே போனேன். குசினியில் கீரை அடுப்பில் இருந்தது. அவள் திரும்பாமலே கேட்டாள்.

"இஞ்சருங்கோ, ரெண்டு வருசமாய்ப் பார்ப்பம், பார்ப்பம் எண்டது இதுதானோ?"

"ஓம்."

"வேண்டாம் எண்டு என்னட்டைச் சொல்லுறதுக்கு உங்களுக்கு ஒரு படிவமும் கிடைக்கேல்லையோ?"

மகளிடம் விலகிக்கொள்ளத் தெரிந்த எனக்கு, ஒரே வீட்டில் இருந்த பெண்ணிடம் சொல்லத் தெரியவில்லை. அவள் ஏமாறக்கூடாது என்று சொல்லாமல் விட்டேன் என்றுதான் இவ்வளவு காலமும் எனக்குள் எழுதி வைத்திருந்தேன். உண்மையில் அவள் என்னிடம் காரணம் கேட்பாள், என்னிடம் காரணம் இல்லை என்பதற்குத்தான் பயந்தேன்.

அவள் காரணம் கேட்கவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு, மேசையில் வந்து இருந்தாள்.

"நான் போறன்" என்றாள். "நவம்பர் தொடக்கம் ஏப்ரல் மட்டும். என்ர முழங்காலுக்கு வேணும், பிள்ளையளும் வளருதுகள். நீங்கள் வராட்டிலும் போவன்."

"தனியவோ?"

"பிளேனிலை முந்நூறு சனம் இருக்கும். உங்களாலை எவ்வளவு காலம் அங்கை இருக்க ஏலும்? பொய் சொல்லாதேங்கோ."

யோசித்தேன். அந்தக் காற்று, அந்த வெளிச்சம், தெருவில் நடக்கும் மனிதரே இல்லாத அந்தப் புறநகர். அவளில்லாமல் ஐந்து மாதம் இந்த வீடு. இரண்டையும் நேர்மையாக வைத்துப் பார்த்தேன்.

"ஆறு கிழமை" என்றேன்.

அவள் நாட்காட்டியை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தாள். எந்த ஆறு கிழமை என்று கேட்டாள். ஜனவரி நடுப்பகுதியிலிருந்து என்றேன். அதில் பேரனின் பிறந்தநாள் விழாது, ஒரு கிழமை பிந்தினால் விழும் என்றாள். பிந்தினால் கூட்டுறவின் ஆண்டுக் கூட்டத் தயாரிப்பில் முட்டும் என்றேன். உங்களுடைய கூட்டத்துக்கு ஆர் வருகினம், நீங்களும் அந்தத் தலைவரும்தானே என்றாள். மூன்று பேர் வருவார்கள் என்று திருத்தினேன். கீரை அடிப்பிடிக்கும் மணம் வந்தது. இருவரும் எழும்பவில்லை. அவள் பென்சிலால் ஒரு கோடு போட்டாள், நான் அதைப் பார்த்துத் தலையசைத்தேன்.