‘சுமாரு’ என்று எழுதக் கூடாத ஊர்

ட்ராமில் எதிர் இருக்கையில் ஒரு கைக்குழந்தை. பக்கத்தில் நின்ற கிழவி குனிந்து பார்த்து, என்ன அழகு, என்ன கொழுகொழுவென்று இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனாள். நான் பதறிப்போய்த் தாயைப் பார்த்தேன். அவள் சிரித்தபடி நன்றி சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழந்தை கன்னத்தில் ஒரு மைப்பொட்டுகூட இல்லை. ஜெர்மனிக்கு நர்ஸாக வந்து சில வருஷம் ஓடிவிட்டது. குளிர், ரொட்டி, ஞாயிற்றுக்கிழமை அடைத்துக் கிடக்கும் கடை எல்லாம் பழகிவிட்டது. இது மட்டும் இன்னும் பழகவில்லை.

எங்கள் ஜவ்வாது மலையில் இப்படிப் பேசினால் பேசினவளை அப்புறம் யாரும் வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். புதூர்நாட்டைத் தாண்டி மேலே இருக்கிற எங்கள் ஊரில் எதையும் ‘நல்லா இருக்குது’ என்று வாய்விட்டுச் சொல்வது கிடையாது. சாமைக் கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்து கிடக்கும், கேட்டால் “சுமாரு” என்பார்கள். பலா அடிமரத்திலிருந்தே காய்த்துத் தொங்கும், அதுவும் “ஏதோ கீது” தான். நல்லதைச் சொன்னால் கண் பட்டுவிடும், கெட்டதைச் சொன்னால் பலித்துவிடும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் இந்த ஒரு சொல். ஒடுகத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் என் பெரியப்பா “சுமாரா படிக்கும்” என்றார். நான் அப்போது நர்ஸிங் வகுப்பில் முதல் ஆள். அடிவாரத்துக்காரர்கள் சொன்னதை அப்படியே நம்பி, பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். எனக்கு அது நல்லதாகவே முடிந்தது.

இங்கே என் வேலை எலும்பு முறிந்தவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் மறுபடி நடக்க வைக்கிற ஒரு ஆஸ்பத்திரியில். ஷிப்ட் முடியும்போது ஒவ்வொருவரைப் பற்றியும் நான்கு வரி எழுத வேண்டும். அந்த நான்கு வரியைப் பார்த்துத்தான் ஒருவர் சொந்த வீட்டுக்குப் போகலாமா, முதியோர் இல்லத்துக்கா என்று முடிவு செய்வார்கள். தலைமை நர்ஸ் ஸபீனெ இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறாள்: ‘ரியலிஸ்டிஷ்’. இரக்கமும் வேண்டாம், ஆசையும் வேண்டாம், கண்ணில் பட்டதை எழுது என்று அர்த்தம்.

லிண்ட்னர் என்ற பாட்டியம்மா ஒருநாள் எதையும் பிடித்துக்கொள்ளாமல் மாடி ஏறி இறங்கினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். சந்தோஷத்தில் என்ன செய்தேன் என்றால், ஊர்ப் பழக்கத்தில் ‘நிலைமை சுமார்’ என்று ஜெர்மனில் எழுதி வைத்தேன். ஸபீனெ கூப்பிட்டாள்.

“தடுமாறினாளா?”

“இல்லை.”

“பிறகு ஏன் சுமார்? இதைப் படித்தால் அவளை வீட்டுக்கு அனுப்பவே மாட்டார்கள்.”

கண்படுவது பற்றி எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதை டாக்டரும் இன்ஷூரன்ஸ்காரரும்தானே படிக்கிறார்கள்? இவர்களில் யார் கண் படும்?” என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் அந்த வரியை அழித்துவிட்டு எழுதினேன்: ‘பிடிமானமின்றி மாடி ஏறுகிறார். வீட்டுக்குத் திரும்பலாம்.’ லிண்ட்னர் பாட்டி வீட்டுக்குப் போனாள். அதன்பிறகு எனக்குக் கை பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்களிடம், இவள் எழுதுகிற மாதிரி எழுதுங்கள் என்று ஸபீனெ சொல்லும் அளவுக்கு ஆனேன். கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. திருப்பத்தூரில் வைத்தியம் பார்த்ததும் மலை வீட்டுக்கே திரும்பிவிட்டார். அம்மா காலமாகிவிட்டாள், வீட்டில் அவரும் ஒரு பசுவும்தான். அண்ணன் ஏழுமலை ஜீப் ஓட்டுகிறவன், திருப்பத்தூரில் குடியிருந்துகொண்டு வாரத்துக்கு ஒரு தரம் மேலே போய்ப் பார்ப்பான். போனில் எப்போது கேட்டாலும் ஒரே பதில்: “சுமாரா கீறாரும்மா.” பிறந்ததிலிருந்து கேட்ட சொல் எனக்கு எரிச்சலாக வந்தது. “சுமாருன்னா இன்னாண்ணா? நடக்கிறாரா, வுழறாரா, அத்த சொல்லு” என்று கத்தினேன். கடைசியில் வீடியோ கால் போடச் சொன்னேன்.

அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து, வாசலிலிருந்து மாட்டுக்கொட்டகை வரை நடந்து காட்டினார். பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. திரும்பி வரச் சொன்னேன். திரும்பும்போது இடது கால் தரையிலேயே நின்றுவிட்டது, கை சுவரைத் தேடியது. அண்ணன் போனைத் தன் பக்கம் திருப்பினான். “நீதான் இத்த தெனம் பாக்கறவ. மேலயே வுடலாமா, இட்டுகினு வந்துடலாமா? யோசிச்சு எழுதி அனுப்பு.”

நான் யோசிக்கவே இல்லை. ‘திரும்பும்போது இடது கால் பின்தங்குகிறது. தனியாக இருந்தால் விழுவார். மலையில் விடக் கூடாது.’ ஒரு சொல்லைக்கூட அழித்து எழுதவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது. அண்ணன் வெள்ளந்தி, அதை அப்படியே அப்பாவுக்கே படித்துக் காட்டிவிட்டான். அவர் எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் பசுவைச் சித்தப்பா வீட்டில் கட்டிவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாராம். வழியில் ஒரே ஒரு பேச்சு. “சுமாருன்னு எழுதியிருந்தா நான் பாட்டுக்கு இருந்துட்டுப் போயிருப்பேன்.”

திருப்பத்தூரில் அவர் இதுவரை விழவில்லை. நான் எழுதியது சரி. அண்ணி வேளைக்குச் சோறு போடுகிறாள், மாத்திரை கொடுக்கிறாள், யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அப்பா மட்டும் நான் கூப்பிட்டால் குளிக்கப் போவதாகச் சொல்லிப் போனைக் கொடுத்துவிடுவார். சாயங்காலத்தில்கூட.

போன வாரம் அவராகவே போனை வாங்கினார். பொங்கலுக்கு லீவு கிடைத்திருக்கிறது, வருகிறேன் என்றேன்.

“வா. எந்த வூட்டுக்கு வருவ? மேல பூட்டிக் கீது. இது ஒங்கண்ணன் வூடு.”

உடனே அடுத்ததையும் கேட்டார். “அங்க கெழங்கட்டைங்கள வூட்டுக்குப் போலாமா வேணாமான்னு நீதான் எழுதறியாமே. ஒன்னப் பத்தி யாரும்மா எழுதறது?”

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. வெறும் சந்தேகம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அண்ணனிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் வேலையில் எல்லாரையும் பற்றி எழுதி முடித்த பிறகு, என்ன தோன்றியதோ, கம்ப்யூட்டரில் ஒரு புதுப் படிவத்தைத் திறந்து என் பெயரை அடித்தேன். பிடிமானமின்றி நடக்கிறார். மாடி ஏறுகிறார். வீட்டுக்குத் திரும்பலாம். அடுத்த கட்டத்தில் வீட்டு முகவரி கேட்டது. அதை நிரப்பாமல் மேலே போக முடியாது என்று சிவப்பில் காட்டியது. பெயரை அழித்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு ட்ராமுக்குப் போனேன்.