ஏழு மணிக்கு முந்தைய ஓட்டு

மனைவி செத்துக் காரியம்கூட முடியவில்லை, அதற்குள் அவள் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்க மனு கொடுத்துவிட்டு வந்தவர் சூர்யநாராயணன் என்று மார்க்கெட்டில் யாரோ சொன்னார்களாம். இஸ்திரி போடும் அங்காளம்மாள் அதைத் துணியோடு சேர்த்துப் பெருங்களத்தூரில் நாலு தெருவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். "அந்தாளுக்கு இன்னா கல்லு நெஞ்சா? பொண்டாட்டி பேரையே அட்ச்சிட்டு வந்தாராம்." உண்மையில் காரியம் முடிந்த மறுநாள்தான் கொடுத்தார். அதை அவர் யாரிடமும் திருத்தவில்லை.

ரயில்வே பார்சல் ஆபீசில் ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அவர் கட்சியின் பூத் ஏஜென்ட், அவ்வளவுதான். காலையில் அவர் போவது உடம்புக்கான நடை இல்லை, எல்லை பார்க்கும் நடை. சாக்கடைக்கு இந்தப் பக்கம் நம் பூத், அந்தப் பக்கம் வேறு பூத். புதிதாக எழும்பிய அடுக்குமாடியை அண்ணாந்து பார்த்து, "இதுல பாதி பேருக்கு ஓட்டு இன்னும் சொந்த ஊர்லதான் இருக்கு" என்பார். பால் வாங்க வருகிறவர்களை நிறுத்தித் தொகுதியின் பூர்வீகம் சொல்வார். "பல்லாவரத்துக்குன்னு தனி எம்.எல்.ஏ. எப்ப வந்தார்னு நெனைக்கறீங்க? ரெண்டாயிரத்துப் பதினொண்ணுலதான் சார். அதுக்கு முன்னாடி தாம்பரம் தொகுதின்னா ஒரு ஜில்லா மாதிரி. ஓட்டு கேக்க வர்றவனுக்குப் பாதி வழியிலயே தொண்டை கட்டிடும்." கேட்பவர் பால் பாக்கெட்டைக் கை மாற்றிக்கொண்டு பஸ் வருகிறதா என்று பார்ப்பார்.

முழுசாகக் கேட்டவர் ஒருவர்தான். எதிர்க்கட்சியின் ஏஜென்ட் தாவீது, ஒயரிங் வேலை செய்கிறவர். தேர்தலுக்குத் தேர்தல் பள்ளிக்கூட வகுப்பறையில் இருவருக்கும் அடுத்தடுத்த நாற்காலி. வாக்குப்பதிவு தொடங்கும் முன், இயந்திரம் ஒழுங்காக இருக்கிறதா என்று ஏஜென்ட்டுகள் மாதிரி ஓட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். பார்த்ததும் அதை அழித்துவிடுவார்கள். அதில் இவர்களுக்குள் ஒரு வழக்கம். தாவீதின் சின்னத்தைச் சூர்யநாராயணன் அழுத்துவார், இவருடையதைத் தாவீது.

"கர்த்தர் பாத்துக்கினுதான் கீறாரு சார். எண்ண மாட்டாங்கன்ற தைரியத்துல அமுக்கறேன்."

"எண்ணினாலும் நீங்க தோத்துடுவீங்க தாவீது."

"தோத்தா இன்னா? மதியத்துக்கு உங்க வூட்டு எலுமிச்சை சோறு கீது."

மனைவி ஞானாம்பாள் போனபின் வந்த தேர்தலில் எலுமிச்சைச் சோறு இல்லை, ஓட்டல் பொட்டலம். தாவீது அதிலும் பாதி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்று மட்டும் ருசியைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை.

பிறகு தாவீது வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்தார். கட்டி முடியும்வரை சிங்கப்பெருமாள் கோவிலில் மகள் வீட்டில் வாசம். அந்த நேரம் பார்த்துப் பட்டியல் திருத்தம் வந்தது. வீடு வீடாக வந்த ஊழியர் இடித்த மனையின் முன் நின்று, "இவர் இருக்காரா சார்?" என்று சூர்யநாராயணனிடம் கேட்டார்.

"இல்ல. செங்கல்பட்டுத் தொகுதிக்குப் போயிட்டார்."

பொய் இல்லை. மனைவிக்கே வளையாத விதி, சிநேகிதருக்கு வளையலாமா? சாயங்காலம் போன் பண்ணிச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். சொல்லவில்லை. மறுபடி சேர்க்க மனுக் கொடுக்கும் கெடு கடந்தது. அவர் அந்த ஊரிலேயே சேர்ந்துகொள்வார் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். திரும்பி வரப்போகிறவர் அங்கே எதற்குச் சேர்வார்? இறுதிப் பட்டியல் வெளியானபின் தாவீதே கூப்பிட்டார்.

"நீங்கதான் சொன்னீங்களா சார்?"

"ஆமா. நீங்க இங்க இல்லையே."

"வூடுதான் சார் இல்ல. நான் எங்க போயிட்டேன்? ஒரு போன் போட்டிருந்தா ஓடியாந்து எழுதிக் குட்த்திருப்பேனே."

அந்தப் பக்கம் லாரிகள் போகும் சத்தம் கேட்டது.

"சரி சார். சட்டம் பேசறவர்கிட்ட நான் இன்னாத்த பேசறது."

அதன்பின் சூர்யநாராயணன் எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டார். தாவீது எடுப்பதில்லை.

பெயர் இல்லாதவர் ஏஜென்ட்டாக உட்கார முடியாது. ஆகவே இந்தத் தேர்தலில் பக்கத்து நாற்காலிக்குச் சத்யப்ரியா என்ற இளம்பெண் வந்தாள். மாதிரி ஓட்டுக்குக் கூப்பிட்டதும் சூர்யநாராயணன் எழுந்து போய் அழுத்தினார்.

"சார், அது எங்க சின்னம்" என்றாள் அவள், பாவப்பட்டு.

"தெரியும்மா."

அவளும் போய்த் தன் சின்னத்தையே அழுத்திவிட்டு வந்தாள். இவருடைய சின்னத்தை, சரிபார்ப்பதற்காகத் தேர்தல் அதிகாரி அழுத்தினார். திரையைத் துடைத்தாற்போல் எல்லாம் அழிந்தது. மணி ஏழானது. வரிசையில் நின்ற முகங்களில் பாதி அவருக்குப் புதிது.

மதியம் மாற்று ஆள் வந்ததும், வாசலில் கொடுத்து வைத்திருந்த செல்போனை வாங்கிக்கொண்டு எதிர்ச்சாரி டீக்கடைக்குப் போனார். பெஞ்சின் ஓரமாக உட்கார்ந்து தாவீதின் எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். மணி போயிற்று. கிளாசும் கையுமாக வந்த ஒருவர், "சார், இங்க ஆள் இருக்கா?" என்று கேட்டார்.

சூர்யநாராயணன் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. மணி போய்க்கொண்டே இருந்தது. இன்னொரு கையை விரித்துப் பக்கத்துப் பலகையின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.