பத்தாவது வருஷத்து விதைநெல்

எங்கள் பெண்கள் பள்ளிக்கு வந்த ஒரே கம்ப்யூட்டரை இயற்பியல் ஆய்வகத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். கரண்ட் இருக்கும் நாளில் சார் சாவியோடு வந்து கேசட்டைப் போடுவார். அதில் ஒரே ஒரு விளையாட்டுதான். நீதான் ராஜா. விளைந்த நெல்லில் குடிகளுக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, விற்று நிலம் வாங்க எவ்வளவு என்று வருஷா வருஷம் நீயே சொல்ல வேண்டும். பத்து வருஷம் முடிந்ததும் அது மார்க் போடும். ஆய்வக ஜன்னலில் ராஜகிரிக் கோட்டை தெரியும். அங்கே ஆண்டவர்களுக்கு யார் மார்க் போட்டார்களோ.

அப்போது நான் ப்ளஸ் ஒன். விழுப்புரத்தில் பத்து நாள் கம்ப்யூட்டர் பயிற்சி, பள்ளிக்கு ஒரே இடம். இந்த விளையாட்டில் யாருக்கு மார்க் அதிகமோ அவளைத்தான் அனுப்புவேன் என்று சார் சொல்லிவிட்டார். எங்கள் ஊர் வல்லத்தில் நைனா அவரைவிடக் கறார். முதலில் வந்தால் போ, இல்லாவிட்டால் கடலை பிடுங்க வந்துவிடு என்றார். போயே தீருவது என்று இருந்தேன்.

முதல் ஆட்டத்தில் ஒரு குடியைக்கூட நான் பட்டினி போடவில்லை. கடைசியில் அடுத்த விதைப்புக்கும் நெல் இருந்தது. மார்க் அறுபத்திரண்டு. என் பக்கத்தில் உட்காருகிற, கடைவீதி ஜவுளிக்கடைக்காரர் மகளுக்கு எண்பத்தொன்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எப்படி என்று கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை. பத்தாவது வருஷம் விதைநெல்லை மொத்தமாக விற்று நிலம் வாங்கியிருக்கிறாள்.

"அதோட ஆட்டம் முடிஞ்சிடுதுடி. அப்புறம் யாரு வெதைக்கப் போறாங்க?"

நேராக சாரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அடுத்த வருஷம் சோறில்லாமல் சாகப்போகிற ஊர் என் ஊரைவிட எப்படி உசத்தி என்று கேட்டேன். விளையாட்டை எழுதியவர் நிலத்துக்குத்தான் மார்க் வைத்திருக்கிறார், வேண்டுமானால் இன்னொரு தடவை ஆடு என்றார் சார். அர்த்தமில்லாத மார்க் என்று அன்று முழுக்கப் புலம்பினேன். பஸ் வல்லம் வருவதற்குள் புலம்பல் அடங்கிவிட்டது. ஊரை ஆள அந்த மார்க் உதவாது, சரி. ஆனால் விழுப்புரம் பஸ் ஏற அதை விட்டால் எனக்கு வேறு வழியில்லை.

மறுபடி ஆடினேன். பத்தாவது வருஷம் வந்தது. வீட்டில் எவ்வளவு முடை வந்தாலும் விதைக்கடலை மூட்டையை நாங்கள் தொட்டதில்லை. இங்கே எல்லாவற்றையும் விற்றேன். எண்பத்தெட்டு. அவள் முகம் சுருங்கியதைப் பார்க்காத மாதிரி எழுந்து வந்தேன்.

முதலில் வந்துவிட்டேன் என்றதும் நைனாவுக்கு ஒரே சந்தோஷம். எப்படி ஜெயித்தாய் என்று கேட்டார். சொன்னேன். சோற்றில் இருந்த கை நின்றது.

"அடுத்த வருஷம் இன்னாத்த வெதைப்பாங்க?"

"அடுத்த வருஷம் ஆட்டத்துல இல்ல நைனா."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கிளம்பும் நாளில் முதல் பஸ்ஸையே பிடித்தேன்.

விழுப்புரத்தில் ஒரு ப்ரோகிராமைத் திறந்து வரி வரியாகப் படிக்கவும் மாற்றவும் சொல்லிக் கொடுத்தார்கள். நான் கேட்ட கேள்வியெல்லாம் ஒரே காரியத்துக்காகத்தான். திரும்பி வந்த முதல் நாளே சாரிடம் கேசட்டைக் கேட்டு வாங்கி, மார்க் போடுகிற வரியைத் தேடிப் பிடித்தேன். அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன்: கையிருப்பில் விதை இல்லையென்றால் மார்க் பூஜ்யம்.

சார் பின்னால் நின்று படித்தார். "இப்படிப் போட்டா உன் எண்பத்தெட்டும் போய்டுமேம்மா."

"தெரியும் சார். நான்தான் விழுப்புரம் போய்ட்டு வந்துட்டனே" என்றேன். பக்கத்து பெஞ்சில் ஜவுளிக்கடைக்காரர் மகள் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்காமல், மாற்றியதைக் கேசட்டில் பதிய ரெக்கார்ட் பட்டனை அமுக்கினேன்.