எதிரே வரக் கூடாதவள்

நன்னிலத்துக்குக் கிழக்கே உள்ள அந்த ஊரில் நீலாம்பாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. முதலில் ராசிக்காரி என்றார்கள். நடவு ஆட்களில் ஒருத்தி அவள். ஒரு வருஷம் மிராசுதார் வீரையனின் வயலில், சனிமூலையில் முதல் நாற்றை அவள் ஊன்றினாள். அந்தப் போகம் களத்தில் அளந்த கண்டுமுதல் அமோகம். ஆற்றில் தண்ணீர் தட்டில்லாமல் வந்ததும், மனுஷன் உரம் போட்டு வரப்பிலேயே கிடந்ததும் யார் கண்ணிலும் படவில்லை. நீலாம்பாளின் கைதான் பட்டது.

அப்புறம் வெளிநாட்டுக் காலம் வந்தது. தொண்ணூற்றிரண்டில் ஒரு பையன் சிங்கப்பூருக்குக் கிளம்பும்போது இவள் குடத்தில் தண்ணீரோடு எதிரே வந்தாள். ஏதோ குழாயடிக்குப் போய் வந்தவள். அவன் இரண்டு வருஷத்தில் மச்சு வீடு கட்டிவிட்டான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் ஊர் காக்கையைப் பிடித்துக்கொண்டது. அன்று முதல் யார் பயணம் கிளம்பினாலும் தெருமுனையில் வண்டி நிற்கும், ஆள் ஓடி வந்து நீலாம்பாளைக் கூப்பிடுவான். கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு, முகம் கழுவி, பொட்டு வைத்து, நிறைகுடத்தோடு அவள் எதிரே நடந்து வருவாள். போகிறவன் கும்பிட்டுவிட்டு ஏறுவான்.

அவளும் நம்பிவிட்டாள். ஏன் நம்ப மாட்டாள்? பிறந்ததிலிருந்து 'ஏ பொண்ணு, இங்க வா' என்று மட்டுமே கேட்டவளை ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடினால் யாருக்குத்தான் மனசு குளிராது? கணவன் முருகையனிடம்கூட, தன் வாயால் கெட்ட வார்த்தை வரக் கூடாது, பலித்துவிடும் என்று சொல்ல ஆரம்பித்தாள். அந்த அப்பாவி மனுஷனும் தலையாட்டினான்.

தொண்ணூற்றொன்பதில் வீரையனின் மூத்த மகன் துபாய்க்குப் போனான். எதிரே வந்தவள் இவள்தான். நாலாவது மாசம் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, இருபது நாள் கழித்துப் பெட்டியில் வந்தான். சாவு வீட்டுக்கு அழுதுகொண்டு போன நீலாம்பாளைப் பார்த்து, பிள்ளையைப் பறிகொடுத்த ஆனந்தவல்லி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"நீதானேடி எதிர்ல வந்த."

பெற்ற வயிறு எரிந்து சொன்னது. அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஊருக்கு என்ன கேடு? அவள் எதிரே வந்து கிளம்பிய முப்பது பேர் நன்றாக இருந்தார்கள். அந்த முப்பதும் ஒரே நாளில் மறந்துபோனது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ராசி கெட்டவள் என்றார்கள். அவள் இருக்கும் நடவுக் கூட்டத்தையே யாரும் கூப்பிடவில்லை. கூட இருந்த பதினோரு பெண்களும் வேலையில்லாமல் உட்கார்ந்தார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. இவளே விலகிக்கொண்டாள். அதன் பிறகு தெருவில் யாராவது பையோடு வந்தால் சட்டென்று வந்த வழியே திரும்பிவிடுவாள். யாரும் சொல்லாமலே செய்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் அவள் ஒரே மகன் அரவிந்தனுக்கு சிங்கப்பூரில் வெல்டர் வேலை கிடைத்தது. ஐடிஐ படித்தவன், ரோஷக்காரன். கிளம்புவதற்கு முதல் நாளே அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னான்.

"ஊரு ஆயிரம் பேசட்டும்மா. நீதான் கொடத்தோட எதிர்ல வரணும். உன் மொகத்தப் பாத்துட்டுத்தான் நான் வண்டியில ஏறுவேன்."

சரி என்றாள். காலையில் குளித்து, அவன் எடுத்துக் கொடுத்த புடவையைக் கட்டி, பொட்டு வைத்து, குடத்தை நிரப்பிக்கொண்டு கிளம்பினாள். தெருமுனைக்கு முந்தின வைக்கோல் போர் வரைக்கும் வந்தாள். தூரத்தில் வாடகை வண்டியின் பக்கத்தில் அரவிந்தன் இவள் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆனந்தவல்லியின் மகனும் அப்படித்தான் நின்றிருந்தான், சிரித்துக்கொண்டு. தன் மகன் பார்ப்பதற்குள் நீலாம்பாள் திரும்பி, அந்தப் போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

வண்டி அரைமணி நேரம் நின்றது. முருகையன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு தெருத்தெருவாய்த் தேடினான். அரவிந்தன் "அம்மா, அம்மா" என்று கத்தியது போர் வரைக்கும் கேட்டது. இவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அடி பாவி, பெற்ற பிள்ளைக்குத் தாய் முகத்தைவிட வேறு சகுனமா? விமானத்துக்கு நேரமாகிறதென்று டிரைவர் ஹாரன் அடித்தான். பிள்ளை அம்மாவைப் பார்க்காமலே போனான்.

மூன்றாம் நாள் கடைத்தெரு டெலிபோன் பூத்துக்கு அவன் போன் வந்தது; நீலாம்பாள் போய்ப் பேசினாள். வந்து சேர்ந்துவிட்டதாகவும், தங்க இடம் கொடுத்துவிட்டதாகவும் சொன்னான். பிறகு கேட்டான்.

"ஏம்மா வரல?"

"நீ நல்லபடியா போய்ச் சேந்துட்டல்ல?"

"சேந்துட்டேன்."

"அதுக்குத்தாம்ப்பா வரல."

"அப்ப, அவங்க உன்னப் பத்திச் சொன்னதெல்லாம் நெசம்ங்கிறியாம்மா?"

"நெசந்தாம்ப்பா. இப்ப நீயே பாத்துட்டல்ல."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் அத்தனை நிம்மதி இருந்தது.